சேரி மனை யாருக்குச் சொந்தம்? வறுமை உண்டாக்கப்பட்ட வரலாறு

"இவ்வளவு சலுகை கொடுத்தும் இவர்கள் முன்னேறவில்லையே" என்ற பேச்சை நாம் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்டு வருகிறோம். குடி, சோம்பல், படிப்பில் அக்கறையின்மை என்று காரணங்களை அடுக்குகிறார்கள். நிலத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சேரியின் வறுமை எப்படி வந்தது என்று அறிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறே போதும்.

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் மாறியபோது நிலம் கை மாறவில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவர் மறுநாள் 'படியாள்' ஆனார். திருமணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காக மிராசுதாரிடம் கட்டுண்டார். கூலியாகக் கிடைத்த தானியம் வயிற்றுக்கே போதாதபோது கடனை எதைக் கொண்டு அடைப்பது? அப்பன் கடன் மகன் தலையில் விழுந்தது.

ஊரில் தரிசு நிலம் இருக்கத்தான் செய்தது. அரசிடம் தர்காஸ்து மனு கொடுத்து அதைக் கேட்கலாம் என்று விதியும் இருந்தது. ஆனால் செங்கல்பட்டில் அந்த நிலத்தின் மீது மிராசுதாருக்கே முதல் உரிமை. சேரிக்காரர் மனு போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து அதைத் தனக்குக் கேட்பார். சொந்தமாக ஏர் பூட்டும் ஆள் அடுத்த நாள் கூலிக்கு வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். சேரி வறுமையில் இருப்பதுதான் அவருடைய வயலுக்கு ஆள் கிடைக்க வழி.

இதைவிடக் கொடியது மனைப் பிரச்சினை. பல ஊர்களில் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையதாகவே கருதப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்டாலும், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலும், நிலத்துக்கு மனு போட்டாலும் குடிசையைக் காலி செய்யச் சொல்ல முடியும். நாளை எங்கே படுப்பது என்று தெரியாதவர் இன்று எப்படி எதிர்த்துப் பேசுவார்? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் மாடு மேய்க்க அனுப்புவதும்கூட அவர் கையில் இல்லை. வறுமையின் சமூக விளைவு பசியோடு முடிவதில்லை. 'முடியாது' என்று சொல்லும் உரிமையையே அது பறித்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் 1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியர் திரமென்ஹீர் தம் அறிக்கையில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படித்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகளோடு நிலங்கள் வழங்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? நிலம் கொடுத்த அரசு ஏரும் மாடும் விதையும் கொடுக்கவில்லை. பஞ்சம் வந்தபோது மீண்டும் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனுக்கு ஈடாக நிலம் போனது. மிரட்டலிலும் போலி ஆவணத்திலும் மீதி போனது. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பஞ்சமி நிலம் என்ற அடையாளமே பல இடங்களில் அழிக்கப்பட்டது என்பது நம் இயக்கங்களின் நீண்ட காலக் குற்றச்சாட்டு. விற்றது செல்லாது என்ற நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அதை நிறைவேற்ற வேண்டிய அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மீட்கப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994இல் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தது. அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று மக்கள் திரண்டனர். காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தனர். அரசாணை வந்து 102 ஆண்டுகள் கழித்து, அந்த ஆணை கொடுத்த நிலத்தைக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாடு முழுவதும் சாகுபடி நிலத்தில் அவர்கள் வசம் உள்ளது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. உதவித்தொகையும் இலவச அரிசியும் நம் உரிமைதான், அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவை பறிபோன நிலத்துக்கு ஈடாகாது.

தோழர்களே, உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எந்தெந்த சர்வே எண் பஞ்சமி நிலம், இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். நாம் ஏன் ஏழைகள் என்று அடுத்த முறை யாராவது கேட்டால் அந்தப் பட்டியலை அவர் முன் வைப்போம்.