எதிர்முனை நிரம்பினால்: இரண்டு ஸ்டோரேஜ் ஸ்விட்ச்கள்

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. மழை விட்ட பிறகு, கடல் பக்கம் வடிகால் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதுதான் எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. ஸ்டோரேஜ் ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை ஜிகாபிட் என்று. கடைமடைக்காரனான எனக்கு அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு: எதிர்முனை நிரம்பிவிட்டால் இந்தப் பெட்டி என்ன செய்யும்?

சர்வருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: ஃபைபர் சேனல், அல்லது ஐஸ்கஸி சுமக்கும் ஈதர்நெட்.

ஃபைபர் சேனலில் வாங்குபவர் சம்மதமின்றி ஒரு ஃபிரேம்கூட நகராது. இணைப்பு எழும்போதே எதிர்முனை தன்னிடம் எத்தனை பஃபர் உண்டு என்று சொல்லிவிடும், அதுதான் கிரெடிட். ஒரு ஃபிரேம் போனால் ஒரு கிரெடிட் குறையும். அங்கே இடம் காலியானால் ஒன்று திரும்பி வரும். பூஜ்யமானால் காத்திருக்க வேண்டியதுதான். தூரம் கூடினால் கிரெடிட்டும் கூட வேண்டும். சிதம்பரம் இங்கிருந்து சுமார் 20 கி.மீ. அவ்வளவு நீளக் கண்ணாடியிழையில் ஒளி போய்வர 200 மைக்ரோ நொடி. 32 ஜிகாபிட் வேகத்தில் அதற்குள் ஏறத்தாழ 300 முழு ஃபிரேம்கள் புறப்பட்டுவிடும். கையில் 150 கிரெடிட்தான் என்றால் பாதி நேரம் இழை சும்மா கிடக்கும்.

ஈதர்நெட் அப்படிக் கேட்டு அனுப்பாது. பஃபர் நிரம்பினால் பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். டிசிபி அதைக் கண்டு மறுபடி அனுப்பும். தரவு தொலையாது, நேரம் தொலையும். பேக்கப்புக்கு அது பெரிதில்லை. வரவு செலவு எழுதும் டேட்டாபேஸுக்கு உறைக்கும்.

ஃபைபர் சேனலின் நோய் வேறு. ஒரே ஒரு சர்வர் கிரெடிட்டைத் தாமதமாகத் திருப்பினால் போதும். அதற்கான ஃபிரேம்கள் தேங்கி, ஸ்விட்ச்களை இணைக்கும் பாதையை அடைத்து, சம்பந்தமே இல்லாத சர்வர்களையும் நிறுத்திவிடும். கீழே ஆகாயத்தாமரை அடைத்தால் மேலே யாருடைய வயலோ மூழ்குகிறதே, அதே கதை. புகார் ஓரிடத்திலிருந்து வரும், அடைப்பு இன்னோரிடத்தில் இருக்கும். பிரோகேட் ஸ்விட்ச்களில், கிரெடிட் பூஜ்யமாக நின்ற நேரத்தை 2.5 மைக்ரோ நொடித் துண்டுகளாக எண்ணும் கவுண்டர் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உண்டு. சர்வர் போர்ட்டுகளில் ஒன்றில் மட்டும் அது விறுவிறுவென ஏறினால், முதலில் அந்தச் சர்வரைத்தான் பார்க்க வேண்டும். ஈதர்நெட்டிலும் பாக்கெட் விழவே கூடாது என்று நிறுத்தச் சைகையைப் போட்டுவிட்டால் இதே தேக்கம் அங்கேயும் வரும்.

ஐந்தாறு சர்வர் உள்ள மருத்துவமனைக்கு நான் ஈதர்நெட்டைத்தான் சொல்வேன். ஸ்டோரேஜுக்கென்றே தனியாக இரண்டு ஸ்விட்ச். பாக்கெட் அளவை 9000 பைட்டாக வைப்பதானால் சர்வர் முதல் டிஸ்க் வரை எல்லா இடத்திலும் அதே அளவு. பழுது பார்க்கத் தெரிந்தவர் மயிலாடுதுறையிலேயே கிடைப்பார். நூறு சர்வர், இரவு பகலாக ஓடும் டேட்டாபேஸ் என்றால் ஃபைபர் சேனல். கூடவே அந்தக் கவுண்டரைத் தினமும் பார்க்க ஓர் ஆள்.