இனிப்பு நீர் (நீரிழிவு), பேராக்

மலேசியத் தமிழர் இனிப்பு நீர் என்று சொல்லும் நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது; இந்தியர்களிடையே 31.4. சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்ட வட்டாரங்களை விட்டு ஈப்போவில் குடியேறிய குடும்பங்களில், விடியலில் பால்மரம் சீவிய உழைப்பு போய்விட்டது. சோற்றின் அளவும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் போகவில்லை. பரம்பரையை மட்டும் குறை சொல்வது பாதி உண்மைதான்.

இந்நோயின் முதல் வகையில் கணையம் இன்சுலின் சுரப்பது அநேகமாக நின்றுபோகிறது. இன்சுலின் ஊசியில்லாமல் உயிர் தங்காது. 1922க்கு முன் இதற்கு மருந்தே கிடையாது. மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை: சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காது. சிகிச்சை உணவுக் கட்டுப்பாடு, நடை, மெட்ஃபார்மின் மாத்திரை என்று தொடங்கும். போதாவிட்டால் கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள், பிறகு இன்சுலின் பேனா. ஊசி என்றதுமே ‘முற்றிவிட்டது’ என்று அஞ்சித் தள்ளிப்போடுவோர் உண்டு. அந்தத் தாமதம்தான் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கர்ப்பகால வகை பிரசவத்தோடு பெரும்பாலும் மறையும். பின்னாளில் இரண்டாம் வகையாகத் திரும்பலாம்.

இந்நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். புண் இருந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள்.