சக்காட்

வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை; நின்று நின்று தாவுகிறது. அந்தத் தாவலே சக்காட். பிரெஞ்சுச் சொல், கடிவாளத்தை வெடுக்கென்று சுண்டி இழுப்பதைக் குறித்தது. பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவாலின் வாசிப்பு ஆய்வுகளை ஒட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணசைவுக்குப் பெயரானது. எவ்வளவு பொருத்தம்! தாவல் பெரும்பாலும் 0.1 நொடிக்குள் முடிந்துவிடும். நடுவழியில் பார்த்துத் திருத்த நேரமில்லை. பிழையை அடுத்த தாவலில்தான் சரிசெய்ய முடியும். 1967இல் மெக்லாஃப்லின் என்ற ஆய்வாளர், கண் தாவிக்கொண்டிருக்கும்போதே இலக்குப் புள்ளியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார். இப்படி நகர்த்துவது பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆனால் திரும்பத் திரும்பச் செய்ததும் தாவலின் நீளம் தானாகவே குறைந்தது. இதுதான் சக்காட் தகவமைப்பு. சிறுமூளை பழுதுபட்டால் இந்தத் திறன் குன்றிவிடுகிறது.