தண்டு நிலையம்

பெங்களூருக்குப் புகைவண்டியில் வரும் அன்பர்கள் பலர், நகரின் தலைமை நிலையத்தில் இறங்குவதையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். அதற்குச் சற்று முன்பாகவே, கிழக்குப் புறத்தில், அளவிற் சிறிய நிலையம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் கண்டோன்மெண்ட் என்று பெயர். அப்பகுதிக்கு ஊர் மக்கள் வழங்கும் பெயர் தண்டு. தண்டு என்றால் படை. கன்னடத்திலும் தமிழிலும் இச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. இந்நகரின் புகைவண்டி வரலாறு தொடங்கியது பெரிய நிலையத்தில் அன்று. இந்தத் தண்டு நிலையத்திலேதான். தமிழர் இந்நகரில் வேரூன்றிய வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஆதலால் பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை அறிந்துகொள்ளுதல் தகும்.

முதலில் படை வந்தது. பின்னரே புகைவண்டி வந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்தில் படைகளை நிறுத்தினர். அவ்வூரின் நலக்குறைவு கருதி, 1809-இல் பெங்களூர்ப் பேட்டைக்குக் கிழக்கே புதிய பாளையம் ஒன்றை அமைத்தனர். சென்னைப் படைப்பிரிவுகள் அங்கே வந்து தங்கின. அவற்றைத் தொடர்ந்து வணிகரும், கொத்தரும், தச்சரும், சமையற்காரரும், வண்ணாரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தனர். அல்சூர் ஏரியை அடுத்த பகுதிகளிலும், இன்று சிவாஜிநகர் எனப்படும் பழைய பிளாக்பள்ளியிலும் தமிழ் வீதிமொழியாயிற்று. 1834 முதல் சென்னைச் சாப்பர் படையும் இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டது.

இனி இருப்புப் பாதையைக் காண்போம். 1856 ஜூலை முதல் நாள், தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியின் வாலாஜா சாலை வரை ஓடிற்று. சென்னை இருப்புப் பாதைக் குழுமம் அப்பாதையை மேற்கே நீட்டி, 1862-இல் மலையாளக் கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. இடையிலுள்ள சோலையார்பேட்டையிலிருந்து வடமேற்கே ஒரு கிளை பிரிந்தது. குப்பம், பவுரிங்பேட்டை, மாலூர் வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சென்று, 500 மீட்டர் அளவுக்கு உயரம் ஏறி, 1864 ஆகஸ்டு முதல் நாள் பெங்களூர்த் தண்டை அடைந்தது. மாட்டு வண்டியிலும் நடையிலும் பல நாள் கடக்கவேண்டிய வழி ஒருநாட் பயணமாகச் சுருங்கியது.

இருப்புப் பாதை பேட்டையை நாடாமல் தண்டில் வந்து நின்றதன் காரணம் வெளிப்படை. படையையும் படைக்கலங்களையும் விரைந்து கொண்டுசெல்லவே ஆட்சியாளர் முதற்கண் விரும்பினர். ஆயினும், படைக்கென்று போட்ட பாதையில் ஏழை மக்களும் ஏறிவந்தனர். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர்க்கு இந்நிலையம் தலைவாயிலாயிற்று. இருப்புப் பாதை வருவதற்கு முன்பே இங்கு வந்து சிறிய வணிகத்தில் தொடங்கி உயர்ந்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பெங்களூரின் செந்நிறக் கச்சேரி மாளிகையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர்தாம் என்பர். 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று அவர் தொடங்கிய பள்ளி, பல கல்வி நிலையங்களாகக் கிளைத்து இன்றும் நடைபெற்று வருகின்றது.

1881-இல் மைசூர் அரசு உடையார் மரபினர்க்குத் திரும்ப அளிக்கப்பட்டது. ஆனால் தண்டுப் பகுதியை ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1880-களின் தொடக்கத்தில் இருப்புப் பாதை பேட்டைப் புறத்துக்கு நீட்டப்பெற்றது. அங்கே நகர நிலையம் எழுந்தது. மைசூருக்குச் செல்லும் மீட்டர் பாதையும் அங்கிருந்தே புறப்பட்டது. அதன் விளைவு விந்தையானது. சென்னையிலிருந்து வரும் பயணி தண்டில் இறங்கினால் ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பார். அடுத்த சில கிலோமீட்டர் சென்று இறங்கினால் மைசூர் மன்னர் ஆட்சியில் இருப்பார்! ஒரே ஊர், இரண்டு ஆட்சிகள், இரண்டு நகராட்சிகள். 1947-இல் தண்டு மைசூருடன் இணைந்தது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சி ஆயின.

இப்பாதையின் கதையில் கோலார் தங்கவயலை விட்டுவிட இயலாது. 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பெற்றது. அதன் கடைக்கோடி மாரிகுப்பம். சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வீடும் உறவும் கோயிலும் தங்கவயலில்; வேலையோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூரில். இந்நிலையில் அக்குடும்பங்கள் சிதறிப்போகாமல் காத்தது எது? விடியுமுன் புறப்பட்டு இரவிற் திரும்பும் பயணிகள் வண்டியே. கட்டடத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், மருத்துவமனைப் பணிப்பெண்களும், கல்லூரி மாணவரும் ஆயிரக்கணக்கில் அதில் வந்தனர். மாதச் சீட்டின் கட்டணம் குறைவாயிருந்தமையால்தான் குறைந்த கூலிக்காரர் ஊரை விட்டுப் பெயராமல் வாழ முடிந்தது. விரைவு வண்டி அரைமணி முந்திச் சென்றால் செல்வர்க்கு வசதி. பயணிகள் வண்டி அரைமணி பிந்திவந்தால் கூலிக்காரர்க்கு ஒருநாட் சம்பளமே போய்விடக்கூடும். ஒரு சிறு நிலையத்தின் பெருமையை அங்கே நிற்கும் பெரிய வண்டிகளைக் கொண்டு மட்டும் அளந்துவிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

தண்டு நிலையத்தின் ஆட்சிப்பொறுப்பு காலந்தோறும் கைமாறியது. 1908-இல் சென்னை-தென்மராட்டா இருப்புப் பாதையும், 1951-இல் தென்னக இரயில்வேயும், 2003-இல் ஊப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு இரயில்வேயும் இதனை ஏற்றன. 1964-இல், முதல் வண்டி வந்து சரியாக நூறாண்டு நிறைந்த அதே ஆண்டில், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பிருந்தாவன் விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. 2022 ஜூன் 20 அன்று இந்நிலையத்தைப் புதுப்பிக்கும் பணிக்கும், 148 கிலோமீட்டர் நீளமுள்ள புறநகர் இரயில் திட்டத்துக்கும் அடிக்கல் நாட்டப்பெற்றது. அத்திட்டத்தின் நான்கு பாதைகளுள் கெங்கேரியையும் ஒயிட்ஃபீல்டையும் இணைக்கும் பாதைக்குப் பாரிசாதம் என்று பெயர். அது தண்டின் வழியே செல்லுமாறு வகுக்கப்பட்டுள்ளது.

புதுமை வேண்டியதே, நெருக்கடி மிகுந்த நகரத்துக்கு அது இன்றியமையாதது. ஆயினும் புதிய மாடங்களும் கடைகளும் எழும்போது, மாதச் சீட்டுக்காரரின் வண்டிக்கும் உரிய இடம் இருத்தல் வேண்டும். இந்நிலையத்தை வாழவைத்தவர்கள் அவர்களே.

தமிழர் இந்நகருக்கு வந்தது வலிந்து புகுந்த வரவன்று. படைக்கும் பாதைக்கும் சுரங்கத்துக்கும் அவர்தம் உழைப்பு தேவைப்பட்டது, அதனால் வந்தனர். வந்தவர் கன்னட மக்களோடு கலந்து, அவர்தம் மொழியையும் கற்று, இந்நகரைக் கட்டுவதில் பங்குகொண்டனர். இதனை வீம்புக்காகச் சொல்லவேண்டியதில்லை. மறக்காமல் இருந்தால் போதும். பம்பாயில் தாராவியாயினும், தில்லியில் கரோல்பாக்காயினும், நாம் வாழும் ஒவ்வோர் ஊரிலும் நம் முன்னோர் முதன்முதல் மூட்டையை இறக்கிவைத்த நிலையம் ஒன்று இருக்கும். அதன் கதையை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். நிலையங்கள் இடித்துக் கட்டப்பெறலாம். எழுதிவைத்த வரலாறு அழியாது.