ஒப்புகைச் சீட்டு

பணம் அனுப்பும் வேலை 1880-ல்தான் அரசுக் கருவூலங்களிடமிருந்து தபால் துறையின் கைக்கு வந்தது. பொருளாதார வரலாற்றில் இது ஒரு வரிச் செய்தி. ஆனால் நம்மூர்ப் பெற்றவர்களும் பிள்ளைகளும் தூரத்தில் இருந்தபடி எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று தேடினால், அந்த மணியார்டர் படிவத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

படிவத்தின் ஒரு பகுதியில் தொகையும் முகவரியும் இருக்கும். இன்னொரு பகுதி கூப்பன். பணம் வாங்குபவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். நாலு வரி எழுத அதில் இடம் உண்டு. ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்கு அப்பாவின் மொத்த இலக்கியமும் அந்த நாலு வரிதான்: ஃபீஸ் கட்டு, வீண் செலவு வேண்டாம், நன்றாகப் படி. பம்பாய் மில்லில் இருக்கும் மகன் அம்மாவுக்கு எழுதினால் கடன்காரர் கணக்கும், தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்பதும். அதையும் தபால்காரரே உரக்கப் படித்துச் சொல்வார். பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் கேட்கும். அந்த நிலைமையில் யார் மனம்விட்டு எழுதுவார்கள்?

மூன்றாவது பகுதிதான் எனக்கு முக்கியம். ஒப்புகைச் சீட்டு. பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் பெருவிரல் ரேகை, கூடவே ஒரு சாட்சி. அந்தச் சீட்டு மறுபடி அனுப்பியவர் கைக்கே போய்ச் சேரும். மகனைப் பொறுத்தவரை அந்த மையொட்டிய ரேகைதான் அம்மாவின் கடிதம். இருக்கிறாள், நடமாடுகிறாள், பணம் கிடைத்தது. கோபம் என்றாலும் இதே வழிதான். மணியார்டரை வாங்க மறுத்தால் பணம் திரும்பிவிடும். ஒரு வார்த்தைகூட எழுதாமல் "உன் காசு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடலாம்.

சரியாக 101 வருஷம் கழித்து, 1981-ல் டிசிபி விதிகளின் முக்கியமான ஆவணம் வெளியானது. இணையத்தில் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் முறை அது. இன்றும் என் சோற்றுக்கு வழி அதன்மேல்தான் ஓடுகிறது. தகவல் போனால் "கிடைத்தது" என்று பதில் வரணும். வராவிட்டால் மறுபடி அனுப்பணும். அதே ஆவணம் ஒரு எச்சரிக்கையும் தருகிறது: ஒப்புகை வந்ததால் தகவல் அந்தப் பக்கத்துப் பயனரிடம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வாசல்வரை வந்தது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம்.

நம் குடும்பங்களின் தொலைத்தொடர்பு வரலாறும் இந்த வாசலிலேயே நிற்கிறது. இன்லேண்ட் லெட்டரில் "நலம், நலமறிய ஆவல்". அதுவே ஒரு ஒப்புகை. லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே 1960-ல் தொடங்கிய எஸ்டிடி, 1984-ல் சி-டாட் வந்த பிறகு மெல்ல மெல்லச் சின்ன ஊர்களுக்கும் இறங்கியது. மஞ்சள் பெயர்ப்பலகை போட்ட பூத்துக்குள் முதல்முறையாகக் குரல் கிடைத்தது. கூடவே தலைக்குமேல் சிவப்பு எண்களும் ஓடின. "சாப்பிட்டியா?", "ம்." "உடம்பு பரவாயில்லையா?", "ம்." அப்பா என்றால் இன்னும் சுருக்கம்: "இந்தா, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

1995-ல் செல்போன் வந்தது. முதல் சில வருஷம் வரும் அழைப்புக்கும் காசு. 2003-ல் அது நின்றது. அப்புறமும் நாம் கண்டுபிடித்து வைத்திருந்த மொழி போகவில்லை: மிஸ்டு கால். "ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு." காசும் இல்லை, சொல்லும் இல்லை, ஒப்புகை மட்டும். கைநாட்டின் நேர் வாரிசு என்று இதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு காலமும் நாம் காசைக் காரணம் காட்டினோம். வார்த்தைக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு. அதனால்தான் பேச முடியவில்லை என்று. இப்போது வீடியோ காலே கிட்டத்தட்ட இலவசம். அப்பா இன்னமும் அம்மாவிடம்தான் போனைக் கொடுக்கிறார். மகனும் அதற்குத்தான் காத்திருக்கிறான். கட்டணம் நம்மைத் தடுக்கவில்லை, காப்பாற்றித்தான் வந்திருக்கிறது.

2014 நவம்பரில் வாட்ஸப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. ஒப்புகையை இப்போது இயந்திரமே போட்டுவிடுகிறது. அம்மா அனுப்பிய குட்மார்னிங் ரோஜா, அப்பா அனுப்பிய சுகர் குறைக்கும் வைத்தியம், எல்லாமே நீலம். திறந்து பார்த்தோம், அவ்வளவுதான். பெருவிரலில் மை தடவிக்கொண்ட அம்மாவாவது தபால்காரருக்கும் சாட்சிக்கும் முன்னால் உட்கார்ந்து, மகன் பெயரைக் காதால் கேட்டபிறகுதான் ரேகை வைத்தாள். அந்தக் காலம் பொன்னானது என்று சொல்லவில்லை. அவளுக்கு எழுதத் தெரிந்திருந்தால் ரேகைக்குப் பதில் வேறென்ன எழுதியிருப்பாளோ, அது எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.

நமக்கு எழுதத் தெரியும். நீல டிக்குக்குக் கீழே டைப் பண்ணும் பெட்டி காலியாகத்தான் இருக்கிறது.