விழியும் விரலும்: பினோத்பிஹாரி முகர்ஜியின் கலை

ஓவியம் கண்ணுக்கே உரிய கலை என்பது பொதுவான எண்ணம். எனவே கண்ணொளி குன்றியவர்களை அக்கலைக்குப் புறம்பானவர்களாகவே சமூகம் கருதி வந்துள்ளது. அவர்களுள் ஒருவர் ஓவியராகப் புகழ்பெறின், அதனை அற்புதம் என வியந்து அமைகின்றது. இரக்கம், வியப்பு ஆகிய இரண்டுமே அவருடைய ஆக்கங்களை ஆக்கங்களாக நோக்கவிடாது தடுப்பன. வங்காள ஓவியர் பினோத்பிஹாரி முகர்ஜியின் (1904 - 1980) வாழ்வு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

பிறப்பிலிருந்தே அவருக்கு ஒரு கண்ணிற் பார்வை இல்லை. மற்றைய கண்ணோ கடுமையான கிட்டப்பார்வை உடையது. 1919ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் தொடங்கப்பெற்ற கலாபவனத்திற் சேர்ந்து, நந்தலால் போஸிடம் பயின்று, 1925இல் அங்கேயே ஆசிரியரானார். 1946 - 47 காலப்பகுதியில் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில், ஈரச் சாந்தின் மீது, இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். இராமானுஜர், கபீர், துளசிதாசர் முதலியோருடன், பார்வையற்றவர் என மரபு கூறும் சூர்தாசரும் அதில் இடம்பெறுகின்றார். தொலைவில் நின்று சுவர் முழுவதையும் தெளிவுறக் காண இயலாத ஒருவரே அப்பெருங்காட்சியை அமைத்தார் என்பது நோக்கற்பாலது.

1957ஆம் ஆண்டளவில் கண்புரைக்கெனச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை பயனளிக்கவில்லை. எஞ்சிய பார்வையும் முற்றாக மறைந்தது. ஆயினும் அவர் கலைப்பணி ஓயவில்லை. கைப்பழக்கத்தைத் துணைக்கொண்டு கோட்டோவியங்கள் வரைந்தார். மெழுகில் உருவங்கள் சமைத்தார். நிறக் கடதாசிகளை வெட்டி ஒட்டிப் படங்கள் ஆக்கினார். தீட்டிய கோட்டை விரல் உணராது. வெட்டிய கடதாசியின் விளிம்பை உணரும். அவர் புதிய ஊடகங்களை நாடியமைக்கு இஃது ஒரு காரணம் எனலாம். நிறமோ தொடுகைக்கு எட்டாதது. அதற்கு நினைவே துணையாயிற்று. 1972இல் கலாபவனச் சுவரொன்றில் களிமண் ஓடுகளாலான பெரும் சித்திரத்தையும் உருவாக்கினார். அவரிடம் முன்னர் பயின்ற சத்யஜித் ராய் அவ்வாண்டிலேயே அவரைப் பற்றிய விவரணத் திரைப்படம் ஒன்றை வெளியிட்டார்.

பார்வை இருந்த காலக் கலையை மேலானதாகவும் பிற்காலக் கலையை ஆறுதலுக்குரியதாகவும் பிரித்தல் பொருந்தாது. முன்னர் குன்றிய பார்வைக்கும் பின்னர் தொடுகைக்கும் ஏற்ப வழிவகுத்துக்கொண்ட ஒரே அறிவின் விளைவுகளே இரண்டும். பார்வையிழந்தும் படைத்தார் எனப் போற்றுவதோடு கலை வரலாறு நின்றுவிடலாகாது. எங்ஙனம் படைத்தார் என்பதையும் அது ஆராய வேண்டும். அவ்வாராய்ச்சி இல்லாதவிடத்து, கண்ணை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் கலைக்கல்வி, அவரைப் போன்ற பலரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.