பெயர் வெட்டப்பட்ட சட்டை

கொழும்பிலே நல்ல சட்டையொன்று நியாயமான விலைக்குக் கிடைப்பதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தமையால் துணி அரிதாயிருந்தது. பொரளையிலே என் தந்தையார் அளவு கொடுத்துத் தைப்பித்த களிசான், பின்னர் பிரித்துச் சிறிதாக்கப்பட்டு எனக்கு வந்து சேர்ந்தது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. ஆடைத் தொழில் இங்கு வந்ததற்குக் கூலிக் குறைவு மட்டுமே காரணமன்று. 1974 ஆம் ஆண்டின் பல்நார் உடன்படிக்கைப்படி, மேலைநாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாங்கும் ஆடைக்கு அளவு விதித்தன. தம் பங்கு நிரம்பிய ஹொங்கொங் முதலாளிகள், பங்கு நிரம்பாத இலங்கையை நாடினர். 1992 இல் ஜனாதிபதி பிரேமதாசா தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்கும் பரப்பினார்.

கட்டளைக்கு மேல் தைத்தவையும் சிறுகுறை கண்டு கழித்தவையும், கழுத்திலே நிறுவனப் பெயர் வெட்டப்பட்டுப் புறக்கோட்டைக்கு வந்தன. பெயர் போனாலென்ன? உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தையலே தரத்தைச் சொல்லிவிடும்.

அந்த அளவு முறை 2004 இறுதியில் முடிந்தது, தொழில் முடியவில்லை. எங்கள் பொரளைத் தையற்காரரோ, பிற்காலத்தில் அச்சட்டைகளின் கைகளைக் குறைத்துக் கொடுத்தே பிழைத்தார்.